சாந்தம்மா சொன்ன உரி

சேவலை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அருள்மேரி வாசலில் வந்து நின்றபோது மாதேஷ் ஒரு காலை மட்டும் ஷூவுக்குள் விட்டிருந்தான். மத்திகிரி திருப்பத்தில் கம்பெனி பஸ் யாருக்காகவும் நிற்காது. ஆனால் அருள்மேரி நின்ற தோரணையைப் பார்த்தால் பஸ்ஸே வீட்டுக்கு வந்து காத்திருக்கும்போல இருந்தது. சேவல் செத்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தான். சாகவில்லை. அவளுடைய முழங்கை மடிப்பில் கழுத்தைச் சாய்த்து, கண்ணை மூடி, மெல்லிசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. சேவல் குறட்டை விடுமா என்று கேட்பவர்கள் அன்றைக்கு மத்திகிரியில் இல்லாதவர்கள்.

அருள்மேரி பக்கத்து வீட்டுக்காரி. இந்தச் சேவல் கூவித்தான் அவள் ஞாயிற்றுக்கிழமை முதல் பூசைக்கு எழுந்திருப்பாள். இப்போது கொஞ்ச நாளாக அது சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்கு எழுந்து, சோம்பல் முறித்து, சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, ஏதோ கடமைக்கு ஒரு கூவல் கூவிவிட்டு மறுபடியும் படுத்துவிடுகிறதாம். கால்நடைப் பண்ணைப் பக்கம் வைத்தியம் பார்க்கிறவரிடம் தூக்கிப்போய்க் காட்டியிருக்கிறாள். அவர் சேவலின் இமையை நீக்கிப் பார்த்துவிட்டு, இது நோய் இல்லை, போதை என்று சொல்லிவிட்டார். அருள்மேரி சேவலை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு மறு கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் பாதி கரைந்த வெள்ளை மாத்திரை ஒன்று இருந்தது.

"ஒங்க ஜன்னலுக்குக் கீழதான் மேயுது. ஒங்க மாமியாரு துப்புறத எல்லாம் பொறுக்கித் தின்னுட்டு இது தூங்குது மேகலா. எனக்கு ரெண்டு பூச போச்சு. சாமியாரு நான் மதம் மாறிட்டனான்னு ஆள் விட்டு விசாரிக்கிறாரு."

மாதேஷின் மனைவி மேகலாவுக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம்தான் விஷயம் உறைத்தது. ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த மாமியார் சாந்தம்மா இத்தனை நாளாக மாத்திரைகளில் முக்கால்வாசியை விழுங்கவே இல்லை. கன்னத்தில் அடக்கிவைத்து, ஆள் நகர்ந்ததும் வெளியே துப்பியிருக்கிறாள். பெற்ற பிள்ளையின் பெயர் மறந்துபோன கிழவிக்கு இந்தச் சாமர்த்தியம் மட்டும் எங்கே ஒளிந்திருந்தது என்று தெரியவில்லை.

சாந்தம்மாவுக்கு மறதி நோய் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. முதலில் அடுப்பில் வைத்த பாலை மறந்தாள். பிறகு மாங்காய்க்கு விலை பேசுவதை மறந்தாள். குருபரப்பள்ளியில் அவளிடம் மாங்காய் வாங்க வருகிற வியாபாரிகள் வண்டியில் ஏறும் முன்பே பாதி விலை தோற்றுவிட்டுத்தான் வருவார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அப்படிப்பட்டவள் ஒரு சீசன் முழுக்க, "நீயே பாத்துக் குடு சாமி" என்று சொன்னபோதுதான் வீட்டில் பயந்தார்கள்; மாதேஷ் அவளை மத்திகிரிக்குக் கூட்டிவந்தான். அப்புறம் மனிதர்கள் போனார்கள், நடை போனது, பேச்சு போனது. எல்லாம் வடிந்த பிறகு ஒரே ஒரு சொல் அடியில் தங்கியது. சனியன் பிடித்த சொல். உரி.

"உரி... உரி..." என்பாள். சொல்லிக்கொண்டே நெஞ்சுக்கு மேலே ரவிக்கையைப் பிடித்து இழுப்பாள். கொக்கி தெறிக்கும். மேகலா ஓடிவந்து போர்த்திவிடுவாள். போர்வையையும் இழுத்து எறிந்துவிட்டு, "உரி" என்பாள். மின்சார மீட்டர் பார்க்க வந்தவர் யூனிட் குறிக்காமலே ஓடிப்போனார். முதுகுப் பக்கம் முடிச்சுப் போடுகிற நைட்டி தைத்தார்கள், அதையும் கிழித்தாள். தலையில் போட்ட முந்தானை காற்றில் நழுவினாலே கூச்சப்படுகிற பெண்மணி, கடைசியில் துணியை உரிக்கச் சொல்லியா கேட்க வேண்டும் என்று மேகலா சமையல்கட்டில் நின்று அழுதாள். மாதேஷ் ஜன்னலுக்குத் திரை வாங்கிவந்து மாட்டினான். அவனால் முடிந்தது அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் சென்னையில் இருந்த அண்ணன் அசோக்குமாரின் இலாகா. வங்கியில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவைப் பார்க்க வருவது அபூர்வம் என்றாலும் மாத்திரை அனுப்புவதில் ஒரு நாள் தவறியதில்லை. மறதிக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று, கொழுப்புக்கு ஒன்று, எலும்புக்கு வாரம் ஒன்று, அவை வயிற்றைப் புரட்டினால் அதற்கொன்று, அது மலச்சிக்கல் தந்தால் அதற்கொன்று, அது அதிகமாக இளக்கிவிட்டால் கட்டுவதற்கு ஒன்று. கடைசி மாத்திரை முதல் மாத்திரைக்குப் பரம விரோதி. துணி இழுக்கிற கூத்தைச் சொன்னதும் அவர் தனக்குத் தெரிந்த ஒரு டாக்டரிடம் போனிலேயே கேட்டு இரண்டு வேளைக்கும் ஒரு தூக்க மாத்திரையைச் சேர்த்தார். அதைத்தான் அருள்மேரியின் சேவல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து மேகலா எல்லாவற்றையும் பொடித்து வாழைப்பழத்தில் பிசைந்து ஊட்ட ஆரம்பித்தாள். சேவல் தெளிந்தது. விட்ட கூவல்களுக்கும் சேர்த்துக் கூவியது. அருள்மேரி பூசைக்குப் போனாள், சாமியார் நிம்மதியடைந்தார். சாந்தம்மா அடங்கிப்போனாள்.

அடங்கியது என்றால், கண்ணே திறக்கவில்லை. வாயில் வைத்த கூழ் வைத்தபடியே இருந்தது, ஓரத்தில் வழிந்தது. ரவிக்கையை இழுத்த கை கட்டிலில் கிடந்தது, அது யாருடைய கையோ போல. வீடு அமைதியாக இருந்தது. மேகலா இந்த அமைதிக்காகத்தான் வேண்டிக்கொண்டாள். வந்த பிறகு அவளால் அந்த அறைக்குள் உட்கார முடியவில்லை. அசோக்குமாருக்குப் போன் போனது. சாப்பாடு இறங்கவில்லை என்றால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிட வேண்டியதுதான், மாத்திரையும் அதிலேயே போய்விடும், துப்பவும் முடியாது என்றார். ஆஸ்பத்திரியில் அவரே நாள் வாங்கினார். கையைக் கட்டிலோடு கட்டவேண்டி வரும், இல்லாவிட்டால் பிடுங்கிவிடுவார்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதையும் மறைக்காமல் சொன்னார். மாதேஷ் சரி என்றான். அண்ணனுக்குச் சரி என்று சொல்லியே வளர்ந்தவன் அவன். கட்டிலைத் தாண்டிப் போகும்போது அம்மாவின் உதடு அசைவது தெரிந்தது. குனிந்து காதை வைத்தான். காற்றைப்போல வந்தது. "உரி."

மறுநாள் கம்பெனி கேன்டீனில் மாதேஷ் சாப்பிட உட்கார்ந்தான். எதிரே சித்தப்பா உட்கார்ந்தான். சித்தப்பா மாதேஷுக்குச் சித்தப்பா இல்லை. பத்து வயது இளையவன். ஆனேக்கல் பக்கத்துக்காரன், அவனுக்கு அவன் அப்பா வைத்த பெயரே சித்தப்பா. ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த அன்றே ஆயிரம் தமிழர்களுக்குச் சித்தப்பா ஆகிவிட்டான். கல்யாணப் பத்திரிகைகளில் இவன் பெயரை உறவு முறை என்று நினைத்து மேலே தூக்கிப் போட்டுவிடுவார்கள். இந்தச் சித்தப்பா தயிர் சாதத்தில் கிடந்த மோர்மிளகாயைக் கத்தரிக்காய் வற்றல் என்று நினைத்து முழுசாகக் கடித்துவிட்டான். முகம் சிவந்தது. நாக்கை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு கையால் விசிறினான்.

"யப்பா... உரி, உரி! நீர் கொடி!"

மாதேஷ் தண்ணீரை நகர்த்திக் கொடுத்தான். சித்தப்பா குடித்தான். மாதேஷ் ஒரு கவளம் எடுத்து வாயருகே கொண்டுபோனான். அது வாய்க்குப் போய்ச் சேரவில்லை.

உரி என்றால் எரிச்சல். காந்துகிறது. அது அவனுக்குத் தெரியாத சொல் இல்லை. பாதி ஆட்கள் கன்னடக்காரர்களாக இருக்கிற வொர்க்ஷாப்பில், சுடுகிற பீஸைத் தொட்டு அவனே எத்தனையோ தடவை கத்தியிருக்கிற சொல். ஆனால் கன்னடம் அவனுக்குக் கம்பெனி பாஷை. கேட்டைத் தாண்டும்போது ஐடி கார்டைக் கழற்றிப் பையில் போடுவதுபோல அதையும் கழற்றிப் போட்டுவிடுவான். வீட்டில் காது தமிழ்க் காது. அம்மா பேசினால் தமிழ். இதில் யோசிக்க என்ன இருந்தது?

அம்மா பிறந்தது எல்லைக்கு அந்தப் பக்கம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். சூரியன் பெரிசு என்று தெரிந்திருப்பது மாதிரி, எதற்கும் பயன்படாத ஒரு விஷயமாகத் தெரியும். குருபரப்பள்ளிக்கு வாழ வந்தபோது மாமியார் வீட்டில் தமிழ், தோட்டத்தில் கூலிக்கு வருகிறவர்களிடம் தெலுங்கு. புது மருமகள் அடுப்படியில் கன்னடத்தில் முணுமுணுத்ததை மாமியார் கேட்டு, தன்னைத்தான் வைகிறாள் என்று தீர்மானித்து, அந்தப் பாஷை இந்த வாசப்படிக்குள் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். சாந்தம்மா வரவிடவில்லை. இரண்டு பிள்ளைகளையும் தமிழில் தாலாட்டினாள், தமிழில் அடித்தாள். மேலே போட்ட தமிழை நோய் அரித்துத் தின்று முடித்த பிறகு, அடியில் கிடந்தது வெளியே தெரிந்திருக்கிறது. அவள் துணியை உரிக்கச் சொல்லவில்லை. நெஞ்சு எரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். இத்தனை மாதமாக, கேட்கிற ஒருவரும் இல்லாத வீட்டில்.

மாதேஷ் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தான். அவன் பாதி ஷிப்டில் கேட் பாஸோடு வருவதைப் பார்த்த வாட்ச்மேன், தீ விபத்து என்று நினைத்து சைரன் சுவிட்ச் பக்கம் கையைக் கொண்டுபோனதாகப் பின்னால் பேசிக்கொண்டார்கள்.

வீட்டில் மேகலா வாழைப்பழத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்தான்.  கட்டிலருகே மண்டியிட்டான். அம்மாவிடம் ஒருநாளும் பேசாத பாஷையில் பேசப்போகிறோம் என்றதும் கூச்சமாக இருந்தது, அந்நியப் பெண்மணியிடம் வழி கேட்பதுபோல. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"எல்லவ்வா உரி?"

எங்கே எரியுதும்மா என்றுதான் கேட்டான். இமைக்குள் கருவிழி ஓடியது. மேகலாவுக்கு அது பிரமை என்று பட்டது. மாதேஷ் இன்னொரு முறை கேட்டான், கொஞ்சம் சத்தமாக. சாந்தம்மா கண்ணைத் திறந்தாள். தூக்க மாத்திரையின் கனத்தை மேலே தள்ளிக்கொண்டு, கிணற்றிலிருந்து வாளி ஏறுவதுபோல அந்தக் கண் திறந்தது. அவனைப் பார்த்தாள். பிள்ளை என்று தெரிந்து பார்த்ததல்ல. நம் பாஷை பேசுகிற ஆள் ஒருவன் வந்திருக்கிறான் என்று பார்த்தது.

"இல்லி," என்றாள்.

"இல்லைன்னுதான சொல்றாங்க?" என்றாள் மேகலா.

"அவங்க இங்கன்னு சொல்றாங்க மேகலா. இல்லின்னா இங்க."

சாந்தம்மாவின் கை கட்டிலை விட்டு எழுந்து நெஞ்சுக்குழியில் உட்கார்ந்தது. விரல்கள் தொண்டை வரைக்கும் ஒரு கோடு இழுத்தன. "இல்லி... இல்லி." கேள்வி என்று ஒன்று கேட்டால் பதில் என்று ஒன்று வரும் என்பதையே அந்த வீடு மறந்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டிருந்தது. மாதேஷ் அழவில்லை. ஷூவைக் கழற்றாமல் கட்டில் வரைக்கும் வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் உறைத்து, எழுந்து போய் வெளியே கழற்றிவிட்டு வந்தான். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. சிமென்ட் தூசி என்றான். அந்தத் தெருவில் அன்று சிமென்ட் வேலை எதுவும் நடக்கவில்லை.

முதியவர்களை மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மா பாகலூர் ரோட்டில் இருந்தார், பிரியதர்ஷினி என்று பெயர். மாதேஷ் எல்லா மாத்திரைகளையும் ஒரு கட்டைப் பையில் அள்ளிக்கொண்டு போனான். அவர் ஒவ்வொரு அட்டையாக மேஜையில் பரப்பினார்; மேஜை போதாமல் எடை பார்க்கிற மெஷின்மீதும் பரப்பினார். எலும்பு மாத்திரையைக் கையில் எடுத்ததும் நிறுத்தி, இதை எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். படுத்தபடியேதான் என்றான். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இதை நிறையத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரைமணி நேரம் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் உணவுக்குழாயிலேயே தங்கிப் புண்ணாக்கிவிடுமாம். இதெல்லாம் யாரும் சொல்லவில்லையா என்றார். சொல்லாமல் என்ன, ஆரம்பத்தில் அண்ணன் கூட்டிப்போய்க் காட்டிய சென்னை டாக்டர் விவரமாகச் சொல்லியிருந்தார். சாந்தம்மாவிடம் சொல்லியிருந்தார். மறதிக்கு வைத்தியம் பார்க்க வந்தவளிடம்.

சேவல் காப்பாற்றியது போக மிச்சம் விழுந்ததே இவ்வளவு காந்தியிருக்கிறது. எரிச்சலில் துணியை இழுத்ததற்குத் தூக்க மாத்திரை, தூக்கத்தில் சாப்பாடு இறங்காததற்குக் குழாய். டாக்டரம்மா முதலில் புண்ணுக்கு ஒரு மருந்து எழுதினார். எலும்பு மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார். தூக்க மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தாமல் படிப்படியாகக் குறைக்கும் விதத்தைச் சொன்னார். பிறகு மற்ற அட்டைகளைப் பார்த்தார்.

"இதெல்லாம் இன்னும் பத்து வருசம் கழிச்சு வர்ற ஆபத்தத் தடுக்கறது சார். அம்மாவுக்கு அந்தப் பத்து வருசம் கெடையாது, அது ஒங்களுக்கும் தெரியும். இருக்கற நாள் எப்பிடி இருக்கணும்னு நீங்கதான் சொல்லணும். நிறுத்துனா நான் பொறுப்பாப் பாத்துக்கறேன். குடுக்கணும்னாலும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

 மாதேஷுக்குக் கம்பெனியில் வேலையே தள்ளுவதுதான். சரியில்லாத பீஸுக்குச் சிவப்புப் பெயின்டை வைத்துத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்குகிறவன். ஆனால் அம்மாவுக்கு இனி இது வேண்டாம் என்று சொல்வது, அம்மா இருந்தது போதும் என்று சொல்வதாகக் காதில் விழுந்தது. அண்ணனின் குரலில் விழுந்தது. அந்த நேரத்தில் அவனுக்கு வந்தது, கட்டிலை விட்டு எழுந்து நெஞ்சுக்குழியைத் தொட்ட கையின் ஞாபகம். குழாய் போட்டிருந்தால் அந்தக் கையைத்தான் கட்டியிருப்பார்கள். அவள் இடத்தைக் காட்ட முடிந்திருக்காது.

"நிறுத்திருங்க மேடம்," என்றான். "அவங்க வலியில்லாம நாலு வாய் தின்னா போதும்."

பி.பி. மாத்திரையும், புண்ணுக்கான மருந்தும், குறைத்துக்கொண்டே வரவேண்டிய தூக்க மாத்திரையும் மிஞ்சின. பை ஏறக்குறையக் காலியாகத் திரும்பியது.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் செய்து, குழாய் வேண்டாம் என்றான். வாழ்க்கையில் முதல் முறையாக அண்ணனிடம் சொன்ன வேண்டாம்.  அம்மாவைச் சாகடிக்கப் பார்க்கிறாயா என்று அண்ணன் கேட்டார். தான் வந்து அம்மாவைச் சென்னைக்குத் தூக்கிப்போய், நர்ஸ் வைத்துப் பார்க்கிற ஒரு இல்லத்தில் சேர்க்கப்போவதாகச் சொன்னார். முதல் கார் பஞ்சராகி, இரண்டாவது கார் ஏற்பாடாகி அவர் வந்து சேர மூன்று வாரம் பிடித்தது.

அந்த மூன்று வாரத்தில் மறதி மறதியாகவேதான் இருந்தது. அதற்கு மருந்து கிடையாது, டாக்டரம்மாவும் அப்படி ஒரு ஆசை காட்டவில்லை. ஆனால் காந்தல் அடங்கியது. ரவிக்கைக் கொக்கிகள் இருந்த இடத்தில் இருந்தன. மேகலா திரையைக் கழற்றினாள். சாந்தம்மா தலையணைகளுக்கு நடுவே நிமிர்ந்து உட்கார்ந்து, ராகிக் களியைக் கீரைக் குழம்பில் தொட்டு ஊட்டினால் குதப்பி விழுங்கினாள். மூன்றாவது உருண்டைக்கு வாய் திறந்தபோது மேகலா ஓடிப்போய் அருள்மேரியைக் கூட்டிவந்து காட்டினாள். சாப்பாடு வேணுமா என்பதற்கு மேகலாவும் "ஊட்டா?" என்று கேட்கக் கற்றுக்கொண்டாள், சேலத்துக்காரியின் கன்னடம் எப்படி இருந்ததோ, சாந்தம்மா அதைக் கேட்டு ஒருநாள் பல்லில்லாமல் சிரித்துவிட்டாள். கால்நடைப் பண்ணை மாடுகள் எல்லாம் தலை தூக்கிப் பார்த்ததாகச் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகை. பாதி மாடுகள்தான் பார்த்தன.

அசோக்குமார் வந்து இறங்கியது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கையில் புது மாத்திரை டப்பா. கட்டிலில் கிடக்கிற உடம்பைத் தூக்குவதற்கென்று பலமான டிரைவர் ஒருவரை ஏற்பாடு செய்திருந்தார். உள்ளே வந்தவர் ஜன்னலோரம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்து வாசல்படியிலேயே நின்றுவிட்டார். போனில் கண்மூடிய படத்தையே பார்த்துப் பழகியவர். ஆனாலும் வந்த வேலையை விடவில்லை. வங்கிக்காரர். இது மாத்திரை இத்தனை காலம் வேலை செய்ததன் பலன்தான் என்றார். டப்பாவைத் திறந்து ஒன்றை எடுத்து, தண்ணீர் டம்ளரோடு அம்மாவின் உதட்டருகே கொண்டுபோனார்.

சாந்தம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள். அவர் கை அந்தப் பக்கம் போனது. அவள் அவருடைய மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பேடா," என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி.

அசோக்குமாரின் முகம் மலர்ந்துவிட்டது. "டேய் மாதேசு, அம்மா பேசறாங்கடா! பேடா கேக்கறாங்கடா!"

மாதேஷ் வாயைத் திறந்தான். அதற்குள் அவர் மாத்திரையை மேஜைமேல் போட்டுவிட்டு, செருப்பை மாட்டாமல், டிரைவரையும் கூப்பிடாமல், தெருமுனை ஸ்வீட் கடைக்கு ஓடிக்கொண்டிருந்தார். மேகலா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். தோள் மட்டும் குலுங்கியது. கூப்பிட்டு நிறுத்தியிருக்கலாம். மாதேஷ் நிறுத்தவில்லை. அண்ணன் அம்மாவுக்காக ஓடுவதைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது.

மூச்சு வாங்கத் திரும்பிவந்து அட்டைப் பெட்டியைப் பிரித்து அம்மாவின் மடியில் வைத்தார். மாதேஷ் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணா. அவங்க இப்பக் கன்னடம்தான் பேசறாங்க. பேடான்னா வேணாம்னு அர்த்தம்."

அசோக்குமார் தம்பியைப் பார்த்தார். மேஜைமேல் கிடந்த மாத்திரையைப் பார்த்தார்.

"மாத்திர வேணாம்னாங்களா?"

"அவங்களேதான் சொன்னாங்க. நான் சொல்லல."

 வாசலில் டிரைவர் வந்து தலையைக் காட்டினார். அப்புறம் வா என்று அசோக்குமார் அவருக்குக் கையால் சைகை காட்டினார். சாந்தம்மாவுக்கு இந்தப் பேச்சில் எல்லாம் அக்கறை இருக்கவில்லை. வேண்டாம் என்று சொன்னதற்கு வந்து சேர்ந்த பேடாவை விரலால் அழுத்திப் பார்த்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். சாவகாசமாகச் சப்பினாள். கன்னத்தில் அடக்கவில்லை, துப்பவில்லை. விழுங்கிவிட்டு நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். இரண்டாவதை எடுத்தாள். கை பாதி வழியில் நின்றது. எதிரே வியர்வையோடு உட்கார்ந்திருந்த, யாரென்று தெரியாத அந்தப் பெரிய மனிதரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். இளைத்திருக்கிறான் என்று பட்டிருக்க வேண்டும். பேடாவை அவர் வாய்க்கு நேரே நீட்டினாள்.

அசோக்குமாருக்குச் சர்க்கரை முந்நூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. உதட்டை இறுக மூடிக்கொண்டு தலையைத் திருப்பினார். அவள் கை அந்தப் பக்கமும் வந்தது.

"தின்னு," என்றாள்.

கன்னடத்திலும் அது அதே சொல்தான். அசோக்குமார் தம்பியின் பக்கம் திரும்பி அர்த்தம் கேட்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்க, முன்னால் குனிந்து வாயைத் திறந்தார். விழுங்கிவிட்டானா என்று பார்க்க, சாந்தம்மா அவருடைய தாடையை இரண்டு விரலால் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.